ஊர்ப் பள்ளியில் தொடங்கி ராஷ்டிரபதி விருது வரை



பள்ளியில் பிள்ளைகள் ‘ஸ்கவுட்’, ‘கைடு’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பையன்கள் சாரணர், பெண் பிள்ளைகள் சாரணியர். 1907-ல் இங்கிலாந்தில் பேடன் பவல் என்பவர் பையன்களுக்கு நடத்திய முகாமில் இது தொடங்கியது. 1909-ல் லண்டனில் நடந்த சாரணர் பேரணிக்குப் பெண் பிள்ளைகள் கூப்பிடாமலே போய், எங்களையும் சேர்க்கணும் என்று நின்றார்கள். அடுத்த ஆண்டே அவர்களுக்கும் இயக்கம் வந்தது. நம் நாட்டில் பாரத சாரண சாரணியர் இயக்கம் 1950-ல் உருவானது. பெண்கள் பிரிவு 1951-ல் அதோடு இணைந்தது.

நம்ம குழு மாதிரியேதான் இதுவும். ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் சேர்ந்து ஓர் அணி. அவர்களில் ஒருத்தி தலைவி, ஒருத்தி துணைத் தலைவி. சாரணியர் விதிகள் ஒன்பது. அதில் ஒன்று சிக்கனம்! முதலுதவி, முடிச்சுப் போடுவது, கூடாரம் அடிப்பது, சமைப்பது எல்லாம் பழகுவார்கள். பனையேறும் வீட்டுப் பிள்ளைக்கு முடிச்சு ஒண்ணும் புதுசு இல்ல. “தயாராக இரு” என்பது இவர்கள் கொள்கை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நம்ம மாவட்டம் பட்ட பாட்டை நினைத்தால், இதன் அருமை புரியும்.

ஊர்ப் பிள்ளைகளின் திறமை வெளியே தெரிவதற்கு இதில் படிகள் இருக்கின்றன. முதலில் பிரவேஷ். பிறகு பிரதம சோபான், த்விதிய சோபான், த்ரிதிய சோபான். சோபான் என்றால் படி. அதன்பின் மாநில அளவில் ராஜ்ய புரஸ்கார் என்னும் ஆளுநர் விருது. அதற்கும் மேலே ராஷ்டிரபதி விருது. ஒவ்வொரு படிக்கும் பல மாதப் பயிற்சியும் தேர்வும் உண்டு. ஒரு படியைத் தாண்டி அடுத்ததற்குப் போக முடியாது.

இங்கேதான் நம்ம பிள்ளைகள் நின்று போகிறார்கள். ஆறாம் வகுப்பில் ஆசையாகச் சேருவாள். வயசுக்கு வந்ததும், “இனிமே வெளியூர் முகாமெல்லாம் வேண்டாம்” என்று வீட்டில் நிறுத்திவிடுகிறோம். தம்பி போகலாம், அக்கா போகக் கூடாது! இரண்டு வருஷ உழைப்பு பாதியில் போச்சு.

பயம் நியாயம்தான். அதற்காக அனுப்பாமல் இருக்க வேண்டாம், கேட்டுத் தெரிஞ்சுக்கணும். கூட வருகிற ஆசிரியை யார்? எங்கே தங்குவார்கள்? கழிப்பறை வசதி எப்படி? போக வர என்ன வண்டி? செலவு எவ்வளவு? இதைக் கேட்பது தாயின் உரிமை. பதில் திருப்தியாக இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை திருச்சி மாவட்டம் மணப்பாறையில் நடந்த பெருந்திரளணிக்குப் பல மாநிலங்களிலிருந்தும் பெண் பிள்ளைகள் வந்து கூடாரத்தில் தங்கினார்கள். அவர்களும் நம்மைப் போன்ற தாய்மார்கள் அனுப்பி வைத்த பிள்ளைகள்தான்.

ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீட்டில் சில பணியிடங்கள் நிரப்பப்படுகின்றன. அதற்குக் கேட்கும் தகுதிகளில் ராஷ்டிரபதி விருதும் ஒன்று. ஆனால் இடங்கள் குறைவு. விருது வாங்கினால் வேலை உறுதி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கூச்சமில்லாமல் பேசவும், நாலு பேரை நடத்தவும் பழகுவதுதான் முதல் லாபம்.

உடன்குடி வட்டார சகோதரிகளே, உங்கள் பள்ளியில் சாரணியர் படை இருக்கிறதா என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். இல்லையென்றால், தொடங்கச் சொல்லி அடுத்த குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு மனு கொடுங்கள். இருந்தால், சேர்ந்த பிள்ளையைப் பாதிப் படியில் இறக்கிவிடாதீர்கள்.