கொழுந்துத் தராசும் துடுப்பாட்டச் சராசரியும்

துடுப்பாட்டச் சராசரி என்பது ஒரு வீரர் எடுத்த மொத்த ஓட்டங்களை அவர் ஆட்டமிழந்த தடவைகளால் வகுத்து வரும் எண்ணாகும். அவர் ஆடிய இனிங்ஸ்களால் அது வகுக்கப்படுவதில்லை என்பதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது, ஏனெனில் இந்த எண்ணைச் சுற்றி எழும் குழப்பங்களில் பாதி அங்கிருந்தே தொடங்குகிறது. குமார் சங்கக்கார 134 டெஸ்ட் போட்டிகளில் 233 இனிங்ஸ்கள் ஆடி, அவற்றுள் 17இல் ஆட்டமிழக்காது திரும்பி, 12,400 ஓட்டங்களைச் சேர்த்தார். 12,400ஐ 216ஆல் வகுத்தால் 57.40 கிடைக்கிறது. அதே கணக்கில் மஹேல ஜயவர்தனவின் சராசரி 49.84, அரவிந்த டி சில்வாவின் சராசரி 42.97. மொனராகலை, பசறை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களில் மென்பந்துப் போட்டி முடிந்து இளைஞர்கள் கூடிப் பேசும்போது, இம்மூவரில் பெரியவர் யார் என்ற வாக்குவாதம் எழுந்தால், இந்த எண்களே தீர்ப்பாக எடுத்துவைக்கப்படுகின்றன. எண்கள் பொய்யல்ல, ஆனால் அவை எந்தக் கேள்விக்கு விடையோ அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்பதில்லை.

ஆட்டமிழக்காத இனிங்ஸ் வகுக்கும் எண்ணில் சேராது என்பதால் சில வேடிக்கைகளும் நேர்ந்திருக்கின்றன. 1953இல் இங்கிலாந்துக்குச் சுற்றுப்பயணம் சென்ற அவுஸ்திரேலிய அணியின் பந்துவீச்சாளர் பில் ஜோன்ஸ்டன், துடுப்பாட்டத்தில் கடைசி வரிசையில் இறங்குபவர். 17 இனிங்ஸ்களில் ஒரேயொரு தடவை மட்டும் ஆட்டமிழந்து மொத்தம் 102 ஓட்டங்கள் எடுத்ததால், அந்தப் பயணத்தின் முடிவில் அவருடைய சராசரி சரியாக 102 ஆயிற்று. மேற்கிந்தியத் தீவுகளின் அன்டி கன்ட்டோம் 1948இல் தாம் ஆடிய ஒரே டெஸ்டில், ஒரே இனிங்ஸில், 112 ஓட்டங்கள் எடுத்துவிட்டுப் பிறகு எந்த டெஸ்டிலும் ஆடாமற் போனதால், அவருடைய 112 என்ற சராசரி டொன் பிரட்மனின் சராசரியையும் மிஞ்சி நிற்கிறது. இவை விதிவிலக்குகள்தாம், நூற்றுக்கணக்கான இனிங்ஸ்கள் சேரும்போது இத்தகைய கோணல்கள் பெரும்பாலும் நேராகிவிடும். நேராகாத கோணல் வேறொன்று உண்டு.

அதை விளங்கிக்கொள்ளத் தேயிலைத் தோட்டத்துத் தராசைப் போல உதவுவது வேறில்லை. குறித்த கிலோ கொழுந்து கொண்டுவந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர் என்று எழுதப்படுகிற கணக்குப் புத்தகத்தில், கொழுந்து எந்த மலையில் எடுக்கப்பட்டது என்பதற்குத் தனி நிரல் கிடையாது. மழைக்குப் பின் தளதளவென்று துளிர்த்த மலையில் நிரை கிடைத்தவரும், ஊவாவின் கச்சான் காற்று வீசுகிற காலத்தில் செடி காய்ந்து துளிர் அடங்கிய சரிவில் நிரை கிடைத்தவரும் தராசின் முன் ஒன்றே. தராசு பொய் சொல்லவில்லை, அது நிறையை மட்டும் சொல்கிறது. துடுப்பாட்டச் சராசரியும் அப்படித்தான்.

மஹேல ஜயவர்தனவின் மலை கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானம். அங்கே 27 டெஸ்ட் போட்டிகளில் 11 சதங்களுடன் 2,921 ஓட்டங்களை 74.89 என்ற சராசரியில் அவர் எடுத்தார். அந்த ஒரு மைதானத்தை மட்டும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் மீதியில் 8,893 ஓட்டங்களும் 198 ஆட்டமிழப்புகளும் எஞ்சுகின்றன, சராசரி 44.91க்கு இறங்கிவிடுகிறது. இதைக் கொண்டு அவர் சொந்த மண்ணில் மட்டுமே வல்லவர் என்று முடிவுகட்டுவதும் தவறு, ஏனெனில் 2009இல் அகமதாபாத்தில் இந்தியாவுக்கு எதிராக அவர் எடுத்த 275 ஓட்டங்களும் இந்த 44.91க்குள்தான் இருக்கின்றன. போகிறபோக்கில் இன்னொன்றையும் சொல்லிவிடலாம்: இலங்கைத் துடுப்பாட்ட வீரர் எவரும் தம் டெஸ்ட் சராசரிக்காக முத்தையா முரளிதரனை எதிர்கொள்ள வேண்டியிருந்ததில்லை, அவருடைய 800 விக்கெட்டுகளும் பிறநாட்டவரின் சராசரிகளிலிருந்தே பறிக்கப்பட்டவை.

சங்கக்காரவின் கணக்கில் மறைந்திருப்பது மைதானமல்ல, கையுறை. விக்கெட் காப்பாளராகவும் கடமையாற்றிய 48 டெஸ்ட் போட்டிகளில் அவருடைய சராசரி 40.48, கையுறையைக் கழற்றிவிட்டுத் துடுப்பாட்ட வீரராக மட்டும் ஆடிய 86 போட்டிகளில் அது 66.78. நாள் முழுவதும் குந்தியெழுந்து பந்து பிடித்தவர், எதிரணி ஆட்டமிழந்த சற்று நேரத்திலேயே காற்காப்பைக் கட்டிக்கொண்டு மூன்றாம் இலக்கத்தில் இறங்குவதன் களைப்பு அந்த இடைவெளியில் இருக்கிறது. முழு வித்தியாசத்தையும் கையுறையின் தலையில் கட்டுவதும் நியாயமாகாது, வயதோடு வந்த முதிர்ச்சிக்கும் அதில் பங்குண்டு. எனினும் 57.40 என்ற எண், இரண்டு வேலை செய்த ஒருவரையும் ஒரு வேலை செய்த ஒருவரையும் கலந்து வார்த்த எண் என்பதில் ஐயமில்லை.

சராசரி எதை அளக்கத் தவறுகிறது என்பதை 2006இல் தென்னாபிரிக்க அணி இலங்கை வந்தபோது நடந்த இரு டெஸ்ட் போட்டிகளைப் போல அருகிலிருந்து காட்டுபவை குறைவு. ஜூலை இறுதியில் எஸ்.எஸ்.சி. மைதானத்தில், 14 ஓட்டங்களுக்கு 2 விக்கெட்டுகள் வீழ்ந்த நிலையில் இணைந்த சங்கக்காரவும் மஹேலவும் மூன்றாவது விக்கெட்டுக்கு 624 ஓட்டங்கள் சேர்த்தனர். சங்கக்கார 287, மஹேல 374. தென்னாபிரிக்கா முதல் இனிங்ஸில் 169 ஓட்டங்களுக்கே சுருண்டிருந்ததால், அந்த ஆட்டத்தின் பெரும்பகுதி வெற்றி தோல்வி பற்றிய கவலையின்றியே கழிந்தது. அடுத்த வாரம் பி. சரவணமுத்து மைதானத்தில் நிலைமை வேறு. நான்காவது இனிங்ஸில், அதாவது ஆடுகளம் தேய்ந்து வெடித்துப் பந்து எப்படி எழும் என்று சொல்ல முடியாத கட்டத்தில், இலங்கைக்கு 352 ஓட்டங்கள் தேவைப்பட்டன. மஹேல 123 ஓட்டங்கள் எடுத்து அணியை இலக்கின் வாசல் வரை கொண்டுவந்து ஆட்டமிழக்க, எஞ்சியவர்கள் தட்டுத்தடுமாறி ஒரு விக்கெட்டால் வென்றனர். சராசரிக் கணக்கில் 374 என்பது 123ஐப் போல மூன்று மடங்குக்கும் சற்று மேல். இரண்டில் எது பெரிய ஆட்டம் என்று கேட்டால், 123ஐ முன்வைப்பதற்கே வலுவான காரணங்கள் இருக்கின்றன.

அரவிந்தவின் 42.97ஐயும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடிய 1982க்கு இரண்டே ஆண்டுகளின் பின் களமிறங்கிய அவர், மறுமுனையில் துணைக்கு ஆளில்லாத அணியில் பல ஆண்டுகள் ஆடினார். அவருடைய பெருமையின் உச்சமோ டெஸ்ட் கணக்கிலேயே இல்லை. 1996 மார்ச்சில், உலகக் கிண்ண அரையிறுதியில் 1 ஓட்டத்துக்கு 2 விக்கெட்டுகள் போன நிலையில் அவர் 47 பந்துகளில் எடுத்த 66 ஓட்டங்களும், லாகூர் இறுதிப் போட்டியில் ஆட்டமிழக்காமல் எடுத்த 107 ஓட்டங்களும் ஒருநாள் போட்டிகளுக்குரியவை. அங்கும் அவருடைய சராசரி 34.90தான். ஒருநாள் போட்டியில் எவ்வளவு விரைவாக ஓட்டம் வருகிறது என்பதும் முக்கியம் என்பதால், 100 பந்துகளுக்கு எத்தனை ஓட்டங்கள் என்று சொல்லும் ஸ்ட்ரைக் ரேட்டைச் சேர்த்துப் பார்க்காமல் அங்கே பேச முடியாது. சனத் ஜயசூரியவின் 32.36ஐ மட்டும் பார்ப்பவர் அவரைச் சாதாரண வீரர் என்றே எண்ணுவார். எதிரணிகள் அப்படி எண்ணவில்லை.

இத்தனை குறைகளையும் மீறிச் சராசரி உறுதியாகப் பேசும் இடமும் உண்டு. 52 டெஸ்ட் போட்டிகளில் 6,996 ஓட்டங்கள், 70 ஆட்டமிழப்புகள், சராசரி 99.94 என்று நிற்கும் பிரட்மனுக்கு அடுத்த படியில் ஜோர்ஜ் ஹெட்லி, ஹேர்பர்ட் சட்கிளிஃப், கிறேம் பொலொக் ஆகியோர் 60, 61 என்ற அளவில் நெருக்கியடித்து நிற்கின்றனர். 57க்கும் 49க்கும் இடையிலான வித்தியாசத்தை மைதானமும் கையுறையும் உண்டாக்கலாம். 99க்கும் 61க்கும் இடையிலான பள்ளத்தை எந்த ஆடுகளத்தாலும் நிரப்ப முடியாது. 2024 செப்டெம்பரில் காலியில் நியூசிலாந்துக்கு எதிராக ஆடியபோது கமிந்து மெண்டிஸ் 13ஆவது இனிங்ஸிலேயே 1,000 ஓட்டங்களைத் தாண்டிப் பிரட்மனின் வேகத்தைத் தொட்டார்; அப்போது அவருடைய சராசரி 91.27. பிரட்மன் அந்த உயரத்தில் 80 இனிங்ஸ்கள் நின்றார் என்பதுதான் வித்தியாசம்.

பிரட்மன் கொழும்பிலும் ஆடியிருக்கிறார். 1948 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்லும் வழியில் அவுஸ்திரேலிய அணி இங்கு இறங்கி ஒருநாள் ஆட்டம் ஆடியது. பிற்காலத்தில் மஹேல அந்த 123ஐ எடுத்த அதே மைதானத்தில் பிரட்மன் 20 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தார். 22 யார் இருக்க வேண்டிய ஆடுகளம் 20 யார் மட்டுமே இருந்தது என்பது அன்று அளந்து பார்த்தபோது தெரியவந்தது. அந்த 20 ஓட்டங்களும் ஆட்டமிழப்பும் 99.94இல் சேரவில்லை.