சுவருக்குள் விழும் சம்மட்டி அடி

பௌர்ணமி இரவு. 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து வந்தவர்களால் திருவண்ணாமலை லாட்ஜுகள் நிரம்பியிருக்கின்றன. அறைக்கு அறை குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்க, சுவருக்குள் 'டம், டம்' என்று ஓசை. "பைப்புல ஏர் புடிச்சிருக்குங்க" என்பார்கள். பெரும்பாலும் காரணம் காற்றல்ல. ஓடிவந்த தண்ணீரைச் சட்டென்று நிறுத்தியதுதான். இதற்கு 'வாட்டர் ஹேமர்' என்று பெயர், நீர்ச் சம்மட்டி.

கிரிவலப் பாதையில் முன்னால் போகிறவர் திடீரென நின்றால், பின்னால் வருபவர் அவர்மேல் முட்டுவார், அவர்மேல் அடுத்தவர். கூட்டம் முன்னே நடக்கிறது, முட்டல் பின்னே நகர்கிறது. தண்ணீர் எளிதில் சுருங்காது என்பதால், இரும்புக் குழாயில் இந்த முட்டல் நொடிக்குச் சுமார் 1,200 மீட்டர் வேகத்தில் பின்னோக்கி ஓடும். 1897-98இல் மாஸ்கோவின் குடிநீர்க் குழாய்களில் சோதனை நடத்தி இதற்குக் கணக்கு தந்தவர் நிக்கோலாய் ஜுக்கோவ்ஸ்கி. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகும் நீரை ஒரேயடியாக நிறுத்தினால், 120 மீட்டர் உயரத் தொட்டிக்குச் சமமான அழுத்தம் கூடுதலாக ஏறும். நான்கு மாடி லாட்ஜின் தொட்டி தருவதைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு! பிவிசி குழாய் சற்று விரிந்து கொடுப்பதால் அடி குறையும். ஆனால் அதன் ஒட்டுகள் நாளாக நாளாக விட்டுவிடும்.

எது 'திடீர்' என்பதைக் குழாயின் நீளமே தீர்மானிக்கிறது. இந்த முட்டல் அலை மறுமுனைக்குப் போய்த் திரும்புவதற்குள் வால்வை மூடிவிட்டால் முழு அடியும் விழும். வீட்டுக் குழாயில் அது நொடியில் சிறு பங்கு. கால் திருப்பில் மூடும் பால் வால்வை நிதானமாகத் திருப்பினாலே போதும். நகருக்குக் குடிநீர் தரும் சாத்தனூர் அணை சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அவ்வளவு நீளத்துக்கு ஒரே தொடராக இரும்புக் குழாய் போட்டால், அலை போய்வர 50 நொடி ஆகும். அங்கே 40 நொடியில் மூடுவதும் திடீர்தான்.

மின்தடை இன்னும் கொடியது. மோட்டார் நின்ற பிறகும் நீர் கொஞ்ச தூரம் மேலேறி, பிறகு திரும்பி விழுந்து செக் வால்வை அறையும். நீர் திரும்புமுன்பே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் செக் வால்வு, பெரிய குழாய்த் தொடர்களில் காற்றுக் கலன் ஆகியவை இதற்குத் தடுப்பு. குழாயைக் கிளாம்ப் போட்டு இறுக்குவதால் ஆட்டமும் சத்தமும் அடங்கும். அழுத்தம் அப்படியே இருக்கும்.

குழாய்க்கு அருகே, மேல்முனை அடைத்த ஒரு துண்டுப் பைப்பை நிமிர்த்தி வைப்பது பழைய வழி. அதிலிருக்கும் காற்று மெத்தைபோல் அடியை வாங்கிக்கொள்ளும். அந்தக் காற்று நாளடைவில் நீரில் கரைந்துபோவதால் சத்தம் மறுபடி கேட்கும். அப்போது தொட்டி வால்வை மூடி, எல்லாக் குழாய்களையும் திறந்து நீரை முழுவதும் வடித்துவிட்டு மெல்ல நிரப்பினால் காற்று மீண்டும் குடியேறிவிடும்.