கேம்ஷாஃப்டைக் கழற்றிப் போட்ட கப்பல்

2006-இல் கடலுக்கு வந்த எம்மா மெர்ஸ்க் என்ற டென்மார்க் கண்டெய்னர் கப்பலின் எஞ்சின் 13.5 மீட்டர் உயரம், 2,300 டன் எடை. பதினான்கு சிலிண்டர்கள். ஒவ்வொரு பிஸ்டனும் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம். இரண்டரை மீட்டர் ஏறி இறங்கும். மொத்தத் திறன் 80,000 கிலோவாட்டுக்குச் சற்று மேல், அதாவது ஒரு லட்சத்துக்கும் அதிகமான குதிரைத்திறன். ஆனால் சுழலும் வேகம்? நிமிடத்துக்கு 102 சுற்று. சிக்னலில் சும்மா நிற்கும் கார் எஞ்சின்கூட அதைப்போல ஏழெட்டு மடங்கு வேகமாகச் சுற்றும்.

முழுத் திறனில் ஓடும்போது, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சுமார் 160 கிராம் எண்ணெய் பீய்ச்சப்படுகிறது. எப்போது பீய்ச்சுவது, எவ்வளவு, எந்த அழுத்தத்தில்? டீசல் எஞ்சினின் சாமர்த்தியம் எல்லாம் இந்த மூன்றில்தான் இருக்கிறது.

பழைய வடிவமைப்பில் மூன்றையும் முடிவு செய்வது கேம்ஷாஃப்ட். எஞ்சின் நீளத்துக்கு ஓடும் தண்டு அது. அதன்மேல் கேம் எனப்படும் புடைத்த சக்கரங்கள். பல்சக்கரமோ சங்கிலியோ தண்டைச் சுழற்றும். புடைப்பு மேலே வரும்போது எரிபொருள் பம்பின் தண்டை உந்தும், எண்ணெய் பாயும். எளிமையானது, முரட்டுத்தனமாக உழைப்பது. ஆனால் புடைப்பின் வடிவத்தைத் தொழிற்சாலையில் ஒருமுறை கடைந்தால் கடைந்ததுதான். முழு வேகத்துக்கு ஏற்றபடி கடைந்த கேம், கப்பல் துறைமுகத்துக்குள் ஊர்ந்து வரும்போது மெதுவாகத்தான் பம்பை உந்தும். அழுத்தம் விழும், எண்ணெய் மூடுபனிபோலச் சிதறாமல் பெரிய துளிகளாக விழும், அரைகுறையாக எரியும். பழைய கப்பல்கள் மெதுவாக ஓடும்போது புகைபோக்கியில் கரும்புகை தள்ளியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பின்னோக்கிப் போவது இன்னொரு தலைவலி. இந்த ராட்சத எஞ்சின்களுக்குக் கியர்பெட்டி கிடையாது. ரிவர்ஸ் என்றால் எஞ்சினையே நிறுத்தி, அழுத்தக் காற்றால் எதிர்த்திசையில் தள்ளிக் கிளப்ப வேண்டும். அதற்குமுன் கேமையோ, அதன்மேல் உருளும் உருளையையோ நகர்த்தி வைத்தாக வேண்டும்.

இதற்கு மாற்றுதான் காமன் ரெயில், அதாவது எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான ஓர் உயரழுத்தக் குழாய். வீட்டுக்கு வீடு அடிபம்பு இருந்த தெருவில் மேல்நிலைத் தொட்டி கட்டி, குழாய் போட்டதுபோல. அழுத்தம் எப்போதும் தயார். திறப்பதும் மூடுவதும் மட்டுமே வேலை. யோசனை புதிதல்ல. இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் டாக்ஸ்ஃபோர்டு நிறுவனம் கட்டிய கப்பல் எஞ்சின்களில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பொதுக் குழாய் இருந்தது. ஆனால் அங்கும் வால்வைத் திறந்தது இயந்திரத் தண்டுதான். மின்னணுக் கட்டுப்பாடு இல்லாமல் இந்த யோசனையின் பாதிப் பயன்தான் கிடைத்தது.

சுல்ட்சர் எஞ்சின்களை வடிவமைத்த பொறியாளர்கள் 1998-இல் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் முழு அளவு எஞ்சினில் மின்னணுக் கட்டுப்பாட்டோடு இதைச் சோதித்தார்கள். 2001-இல் ஜிப்சம் சென்டென்னியல் என்ற கப்பலில் இந்த முறையிலான முதல் எஞ்சின், ஆர்டி-ஃப்ளெக்ஸ் என்ற பெயரில், ஓடத் தொடங்கியது. எம்மா மெர்ஸ்க்கில் இருப்பதும் அதே குடும்பம்தான்.

எனக்குப் பெரிய வியப்பு இனிமேல்தான். கப்பல் எண்ணெய், சுத்திகரிப்பு ஆலையில் அடியில் தங்கும் கசடு. நூறு டிகிரிக்கும் மேல் சூடாக்கினால்தான் பீய்ச்சும் பதத்துக்கு இளகும். அந்தச் சூட்டில், கார் டயரில் உள்ளதைப்போல நானூறு மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் வரும் கசடை நுட்பமான மின்வால்வின் வழியே விடுவது கஷ்டம். அதனால் இடையில் ஒரு தூதுவனை வைத்தார்கள்: சுத்தமான எண்ணெய். மின்வால்வு இந்த எண்ணெயைத் திறந்து மூடும். எண்ணெய் போய்ப் பெரிய வால்வைத் தள்ளும். அது கசடை விடும். கூடவே ஓர் அளவுப் பிஸ்டன், எவ்வளவு போனது என்று கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு பீய்ச்சலுக்கு வேண்டியதைவிடக் கூடுதல் எரிபொருள் அதைத் தாண்டிப் போகவும் முடியாது. எங்காவது உடைந்தால் சிலிண்டருக்குள் எரிபொருள் கொட்டிக்கொண்டே இருக்கும் ஆபத்து இதனால் இல்லை.

எஞ்சின் ஒரு டிகிரி திரும்ப, முழு வேகத்தில், ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குக்குச் சற்றே அதிகமாக ஆகும். எஞ்சினின் முதன்மைத் தண்டின் கோணத்தை உணர்கருவிகள் அளந்து சொல்ல, கணினி ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக முடிவெடுக்கிறது. எரிந்த புகையை வெளியேற்றும் வால்வும் இதே ஆணைக்குக் கட்டுப்பட்டதுதான். ரிவர்ஸா? அழுத்தக் காற்றின் உதவி இப்போதும் வேண்டும். ஆனால் நகர்த்த வேண்டிய கேம் இல்லை, மென்பொருள் கணக்கை மாற்றிக்கொள்கிறது. வேடிக்கை என்னவென்றால், பொதுக் குழாய்க்கு எண்ணெய் ஏற்றும் பம்புகளை உந்துவது இன்னமும் கேம்தான்! நேரம் குறிக்கும் அதிகாரம் போய், வெறும் கூலி வேலை மிஞ்சியிருக்கிறது.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் இன்ஜெக்டர் எனப்படும் பீய்ச்சுகுழல்கள் மூன்று. மிகக் குறைந்த வேகத்தில் மூன்றும் வேண்டாம், ஒன்றே போதும். ஆனால் ஒன்றையே பிடித்துக்கொண்டால் அந்தப் பக்கம் மட்டும் சூடேறும். அதனால் கணினி அவற்றை முறை வைத்து மாற்றி மாற்றி இயக்குகிறது. நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சுற்று என்ற நடை வேகத்திலும் கண்ணுக்குப் புகை தெரியாது.

போட்டியாளரான மான் நிறுவனம் வேறு வழியில் போனது. எரிபொருளுக்குப் பொதுக் குழாய் இல்லை. உந்தும் எண்ணெயை மட்டும் பொதுவாக வைத்து, சிலிண்டருக்கொரு பம்பைக் கணினியின் ஆணையில் இயக்கியது. கேம்ஷாஃப்ட் அங்கேயும் போய்விட்டது.

2008 வாக்கில் எண்ணெய் விலை உச்சத்துக்கு ஏறி, பின் சரக்கும் குறைந்தபோது, கப்பல் நிறுவனங்கள் வேகத்தைக் குறைக்கத் தொடங்கின. வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் தேவைப்படும் திறன் ஏறக்குறையப் பாதியாகிவிடும். முழு வேகத்துக்கென்று கட்டிய எஞ்சின்களை வாரக்கணக்கில் பாதித் திறனிலும் அதற்குக் கீழும் ஓட்ட வேண்டிவந்தபோது, எந்த வேகத்திலும் அழுத்தம் விழாத பொதுக் குழாய் கைகொடுத்தது.