விரைவு வில்லைகளும் அவற்றின் காலமும்: சொனாரை முன்வைத்துச் சில குறிப்புகள்

பழைய கமரா வில்லைகளைச் சேகரிப்போரிடையே "எது சிறந்தது?" என்னும் வினா ஓய்வதில்லை. துவாரம் அகன்றமையால் மங்கிய ஒளியிலும் படம் பதிக்கவல்ல விரைவு வில்லைகளைப் பொறுத்தவரை இவ்விவாதம் பெரும்பாலும் கம்பனிகளின் பெயர்ப் பெருமையிலேயே தேங்கிவிடுகின்றது. வில்லையொன்றின் சிறப்பை, அது தோன்றிய காலத்தின் உற்பத்தி நிலைமைகளிலிருந்து பிரித்து மதிப்பிடுதல் இயலாது என்பதே எமது கருத்து.

லுட்விக் பேர்ற்றலே என்னும் ஜேர்மானியர், திறெஸ்டன் நகரின் எர்னமான் நிறுவனத்தில் 1923இல் எர்னொஸ்ரார் வில்லையை வகுத்தார். அது பொருத்தப்பட்ட எர்மனொக்ஸ் கமராவைக் கொண்டே எரிக் சலமன் நீதிமன்றங்களிலும் மாநாடுகளிலும் ஒளிவிளக்கின்றிப் படமெடுத்தார். (யூதரான சலமன் 1944இல் அவுஷ்விற்சிற் கொல்லப்பட்டார்.) 1926இல் எர்னமான் சைஸ் இக்கனுடன் இணைந்தது. கொன்ராக்ஸ் கமராவுக்கென பேர்ற்றலே வகுத்த, துவார எண் 1.5 உடைய சொனார், 1932இல் வெளிவந்தது.

அதன் வெற்றியின் இரகசியம் எளிய கணக்கில் அடங்கியுள்ளது. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் ஒளியில் நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்து பங்கு தெறிப்படைகின்றது. சொனாரின் ஏழு கண்ணாடிகளும் மூன்று தொகுதிகளாக ஒட்டப்பட்டிருந்தமையால் அத்தகைய பரப்புகள் ஆறு மட்டுமே. 1936இல் லைற்ஸ் வெளியிட்ட செனொன் வில்லையிலும் கண்ணாடிகள் ஏழுதாம். ஆனால் தொகுதிகள் ஐந்து, பரப்புகள் பத்து. இழப்பு நூற்றுக்கு ஐந்தெனக் கொண்டால், சொனார் ஏறத்தாழ 73 பங்கையும் செனொன் 60 பங்கையும் கடத்தும். தெறித்த ஒளியோ வாளாவிருப்பதில்லை. உள்ளே அலைந்து படத்தின் நிழற்பகுதிகளை வெளிறச் செய்கின்றது. இதற்கு ஈடாக, தடித்த வளைகண்ணாடிகளைத் துல்லியமாகத் தேய்த்து ஒட்டும் கடினமான தொழிலாளர் உழைப்பைச் சொனார் வேண்டிநின்றது. பட்டியல்கள் அவ்வுழைப்பைக் குறிப்பதில்லை.

போரின் பின் ஜேர்மானிய ஆக்கவுரிமைகள் வலுவிழந்தன. கொன்ராக்ஸ் உற்பத்திச் சாதனங்கள் போர் இழப்பீடாகச் சோவியத் நாட்டைச் சேர, 1947 முதல் கீவ் கமராக்கள் தோன்றின. சொனாரின் வழிவந்த யூப்பிற்றர்-3 முதலில் ஜேர்மானியக் கண்ணாடியால் ஆக்கப்பட்டு, பின்னர் சோவியத் கண்ணாடிக்கேற்ப மீளக் கணிக்கப்பட்டது. யப்பானில் நிக்கோரும் கனனும் அதே அமைப்பைக் கையாண்டன. 1950இல் கொரியப் போரைப் படமெடுத்த டேவிட் டக்ளஸ் டங்கன் நிக்கோர் வில்லைகளைப் பயன்படுத்தியமை மேற்குலகின் கண்ணை அந்நாட்டின்பால் திருப்பியது. இவற்றை 'நகல்' என்று ஒதுக்குவோருடன் நாம் உடன்படோம். முறிவுச் சுட்டி வேறுபட்ட கண்ணாடிக்கு ஒவ்வொரு வளைவையும் மீளக் கணித்தல் வெறும் பார்த்தெழுதலன்று.

சொனாரை வீழ்த்தியது போட்டி நிறுவனம் எதுவுமன்று. சைஸ் நிறுவனத்தின் சிமாக்குலா 1935இல் கண்டறிந்த தெறிப்பெதிர்ப்புப் படலம் போரின் பின் பரவலாகியதும், பரப்புகளின் எண்ணிக்கை பெருந்தடையாக இல்லாதொழிந்தது. 1896இல் போல் றுடோல்வ் வகுத்து, எட்டுப் பரப்புகள் காரணமாக நெடுங்காலம் பின்தங்கிய பிளானர் அமைப்பின் வழித்தோன்றல்கள் முன்னணிக்கு வந்தன. அடுத்து ஆடிக் கமராக்கள் பெருகின. சொனாரின் பின்கண்ணாடி படச்சுருளை மிக அணுகி நிற்பதால், ஆடி அசைதற்கு அங்கு இடமில்லை.

ஒப்பிடுவோர் கவனிக்கவேண்டியது இன்னொன்றுண்டு. 1960களில் அசாகி நிறுவனம் தனது ரக்குமார் 1.4 வில்லையில் தோரியம் கலந்த கண்ணாடியைப் பயன்படுத்தியது. அதன் கதிர்வீச்சால் கண்ணாடி காலப்போக்கில் மஞ்சளாகும். அம்மஞ்சளை அவ்வில்லையின் இயல்பான 'இதமான வண்ணம்' எனப் பாராட்டுவோரும் உளர். சில வாரங்கள் வெயிலில் வைத்தால் அது பெரிதும் நீங்கிவிடும்.