ஈரம் காயாத படிகம்

கல்கண்டை டப்பாவிலிருந்து எடுத்து வெளியே வைத்தால் நாள் கணக்கில் அப்படியே கிடக்கும். புரதப் படிகம் அப்படியல்ல. வளர்ந்த கரைசலை விட்டு வெளியே எடுத்த கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். பார்வைக்கு வடிவம் மாறியிருக்காது; உள்ளே ஒழுங்கு குலைந்திருக்கும்.

1934-ல் கேம்பிரிட்ஜில் விஞ்ஞானி ஜே.டி. பெர்னலுக்கு நேர்ந்தது இதுதான். ஸ்வீடனின் உப்சாலாவிலிருந்து பெப்சின் என்ற புரதத்தின் அருமையான படிகங்கள் வந்திருந்தன. ஒன்றை வெளியே எடுத்து எக்ஸ் கதிரில் காட்டினார். படச்சுருளில் மங்கலான கறைதான் விழுந்தது. அடுத்ததை அதன் கரைசலோடு சேர்த்து மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்தார். இந்தமுறை வரிசை வரிசையாகப் புள்ளிகள்! அந்த ஆய்வில் பங்கெடுத்த டோரதி குரோஃபுட், பின்னாளில் டோரதி ஹாட்ஜ்கின் என்ற பெயரில் நோபல் பரிசு பெற்றார்.

புரதப் படிகத்தில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். மூலக்கூறுகள் ஒன்றையொன்று சில இடங்களில் மட்டுமே தொட்டுக்கொண்டு நிற்கின்றன. அந்த ஒழுங்கு எவ்வளவு கச்சிதமோ அவ்வளவு தூரத்துக்குப் புள்ளிகள் விழும். அவ்வளவு நுட்பமாக அணுக்களின் இடமும் தெரியும். 3 ஆங்ஸ்ட்ராம் அளவு நுட்பம் கிடைத்தால் புரதச் சங்கிலி போகும் வழியைப் பின்தொடரலாம். ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு.

எக்ஸ் கதிரே படிகத்தைச் சிதைத்துவிடும் என்பது அடுத்த தலைவலி. மைனஸ் 173 டிகிரி செல்சியஸ் குளிரில் சேதம் வெகுவாகக் குறைகிறது. ஆனால் ஃப்ரீசரில் வைத்த தக்காளி என்னவாகிறது? உள்ளே ஐஸ் கட்டி, வெளியே எடுத்ததும் கொழகொழத்துப்போகிறது. படிகத்துக்கும் அந்தக் கதிதான். அதனால் கிளிசரால் கலந்த கரைசலில் முக்கி, தலைமுடியைவிட மெல்லிய நைலான் வளையத்தில் அள்ளி, திரவ நைட்ரஜனில் சட்டென்று அமிழ்த்துகிறார்கள். தண்ணீருக்கு ஐஸாக நேரமில்லை, கண்ணாடிபோல உறைகிறது. எக்ஸ் கதிர் பட்ட கொஞ்ச நேரத்தில் பாழாகிப்போன ரைபோசோம் (செல்லில் புரதம் செய்யும் அமைப்பு) படிகங்களை அடா யோனாத் கடுங்குளிரில் வைத்துத்தான் காப்பாற்றினார். அவரும் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனும் தாமஸ் ஸ்டைட்ஸும் 2009-ல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பெர்னலின் படிகத்தைக் கெடுத்த அதே உலர்தல் சில படிகங்களுக்கு மருந்து. ஈரக்காற்றை ஊதி, ஈரப்பதத்தைப் படிப்படியாகக் குறைத்தால், தளர்ந்து நின்ற மூலக்கூறுகள் நெருங்கி வருகின்றன, புள்ளிகள் கூர்மையாகின்றன. அவசரப்பட்டால் விரிசல்தான்.

உறைய வைத்தபோதே ஒழுங்கு கெட்டுவிட்டால்? 1998-ல் வெளியான ஒரு வழி: உறைந்த படிகத்தைத் திரும்பவும் கரைசல் சொட்டுக்குள் போட்டு, மூன்று நிமிடம் பொறுத்து, மறுபடி உறைய வைப்பது. சிலது பழையபடி சீராகிவிடும். சிலது முன்பைவிட மோசமாகிவிடும். கையிலிருப்பது ஒரே ஒரு படிகம் என்றால், நானாக இருந்தால் துணிய மாட்டேன்.