ஒரு பக்கத்துக்கு 51 க்வெரி

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்று ஒரு பல்கலைக்கழக நகரம். அங்கே வெளியாகும் ‘லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட்’ நாளிதழின் இணையப் பிரிவில் 2003-இல் வேலை பார்த்தவர்கள் ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும். செய்திப் பிரிவிலிருந்து தளத்துக்குப் புதுப் புது வசதிகள் கேட்டு வந்துகொண்டே இருக்கும். சில நாள்களுக்குள், சமயத்தில் சில மணி நேரத்துக்குள் முடித்துக் கொடுத்தாக வேண்டும். ஒவ்வொரு தளத்துக்கும் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்த பகுதிகளைப் பைத்தான் மொழியில் பொதுவாக எழுதித் தனியே பிரித்து வைத்தார்கள். அதுதான் ஜாங்கோ. கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் பெயரைச் சூட்டி 2005 ஜூலையில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். பிற்பாடு இன்ஸ்டாகிராம் இதன்மேல்தான் கட்டப்பட்டது.

அவசரத்தில் பிறந்த கருவி என்பதால், நேரம் தின்னும் வேலைகளை அது தானே இழுத்துப்போட்டுச் செய்கிறது. தரவுத்தளத்தோடு பேசும் மொழியான எஸ்க்யூஎல்லில் எழுதத் தேவையில்லை. பைத்தானில் நாலு வரி எழுதினால் தரவுத்தளத்துக்குப் போக வேண்டிய க்வெரியை அதுவே எழுதிக்கொள்ளும். ஆனால், புதிதாக வருபவர்களுக்கு அனுபவசாலிகள் சொல்லும் அறிவுரைகளில் பெரும்பகுதி இந்த வசதியைச் சுற்றியே வருகிறது. அது உங்களுக்குத் தெரியாமல் என்ன செய்கிறது என்று பாருங்கள் என்பார்கள்.

ஒரு செய்தித் தளத்தின் முகப்பையே எடுத்துக்கொள்வோம். 50 செய்திகள், ஒவ்வொன்றின் கீழும் நிருபர் பெயர். செய்திகள் ஒரு டேபிளில், நிருபர்கள் இன்னொன்றில். செய்திகளை எடுத்து, லூப் போட்டு, தலைப்பையும் நிருபர் பெயரையும் அச்சிடுகிறோம். நிரல் மூன்றே வரி, படிக்க அவ்வளவு சுத்தம். செய்திகளை எடுக்க ஒரு க்வெரி போகிறது. அப்போது நிருபர் விவரம் வருவதில்லை, அவருடைய எண் மட்டுமே வருகிறது. லூப்பில் நிருபர் பெயரைத் தொடும்போதுதான் ஜாங்கோ மறுபடி தரவுத்தளத்துக்கு ஓடுகிறது. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு ஓட்டம். ஆக மொத்தம் 51. ஐம்பதையும் ஒரே நிருபர் எழுதியிருந்தாலும் 51-தான், ஏனெனில் ஒரு செய்திக்காக எடுத்த விவரத்தை அடுத்த செய்தி எட்டிப் பார்ப்பதில்லை. 50 சாமானுக்கு மளிகைக் கடைக்கு 50 நடை போன கதைதான்.

இதை ‘என் பிளஸ் ஒன்’ சிக்கல் என்கிறார்கள். இது நிரலாளரின் கண்ணில் படாமல் போவதற்குக் காரணம் உண்டு. அவருடைய லேப்டாப்பில் சோதனைக்காகப் போட்ட ஐந்தாறு செய்திகளே இருக்கும். தரவுத்தளமும் அதே கணினியில் இருக்கும். பக்கம் பளிச்சென்று வந்துவிடும். நிஜ சர்வரில் தரவுத்தளம் வேறொரு கணினியில் இருக்க, செய்திகளும் வாசகர்களும் பெருகும்போதுதான் தளம் திணறும். மருந்து ஒரே சொல்: ‘செலக்ட் ரிலேட்டட்’. செய்திகளை எடுக்கும் வரியில் இதைச் சேர்த்தால் இரண்டு டேபிள்களையும் இணைத்து ஒரே க்வெரியில் எல்லாம் வந்துவிடும். ஒரு செய்திக்குப் பல குறிச்சொற்கள் என்பதுபோன்ற உறவுகளுக்கு ‘ப்ரீஃபெட்ச் ரிலேட்டட்’. அது இரண்டு க்வெரிகளில் எடுத்துவந்து பைத்தானுக்குள் பொருத்திக்கொள்ளும்.

வேறு அறிவுரைகளும் உண்டு. தளம் நேரலைக்குப் போகும்முன் ‘டீபக்’ அமைப்பை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பிழை வரும்போது உங்கள் நிரலின் உள்விவரங்கள் வருகிறவர் போகிறவர் கண்ணிலெல்லாம் படும். தளத்தின் ரகசியச் சாவியை, நிரலைச் சேமித்துப் பகிரும் ‘கிட்’டில் ஏற்றாதீர்கள். பயனர் மாடலை முதல் நாளே உங்களுடையதாக எழுதிவிடுங்கள். ஜாங்கோ தருவதே இப்போதைக்குப் போதும் என்று தோன்றினாலும் சரி. மற்ற டேபிள்கள் பலவும் அதைப் பிடித்துத் தொங்குவதால், நடுவில் மாற்றுவது பெரும் தலைவலி. ஜாங்கோவின் அதிகாரபூர்வக் கையேடே இதை வலியுறுத்தியிருக்கிறது.

இருந்தாலும் க்வெரியை எண்ணும் பழக்கத்தைத்தான் நான் முதலில் வைப்பேன். மற்றவற்றை ஒருமுறை செய்தால் முடிந்தது. இது ஒவ்வொரு புதுப் பக்கத்திலும் திரும்பி வரும். ‘ஜாங்கோ டீபக் டூல்பார்’ என்ற இலவசக் கருவியை நிறுவினால், பக்கத்தின் ஓரத்திலேயே எத்தனை க்வெரி போனது, எது எவ்வளவு நேரம் எடுத்தது என்று காட்டும். அதையும் தாண்டி ஒரு வழி இருக்கிறது. ஜாங்கோவின் ‘அசெர்ட் நம் க்வெரீஸ்’ கொண்டு, முகப்புப் பக்கம் ஒரே க்வெரியில் முடிய வேண்டும் என்று ஒரு டெஸ்ட் எழுதி வைக்கலாம். ஆறு மாதம் கழித்து டீமுக்குப் புதிதாக வந்தவர் டெம்ப்ளேட்டில் நிருபரின் ஊரையும் சேர்க்கிறார் என்று வையுங்கள். ஊர் தனி டேபிளில் இருந்தால், மாற்றம் சர்வருக்குப் போகும்முன்பே டெஸ்ட் தோற்றுவிடும். கூடுதலாகப் போன க்வெரிகளும் வரிசையாகத் திரையில் வந்து நிற்கும்.