யூத ஆலயத்தில் ஒரு சத்தியாகிரகம்: ஏ.பி. சேலம் பற்றிச் சில குறிப்புகள்

சாதி இந்து மதத்தின் நோய், ஒரே கடவுள் ஒரே வேதம் என்கிற மதங்களில் அது ஒட்டாது என்று நம் தோழர்களே சிலர் பேசுகிறார்கள். மதமாற்றம் பற்றிய விவாதங்களில் இந்த வாதம் தவறாமல் வந்துவிடும். பாலக்காட்டுக் கணவாய் தாண்டி, கோவையிலிருந்து நாலைந்து மணி நேர ரயில் தூரத்தில் இருக்கிற கொச்சியில், யூதர்களுக்குள் நடந்த ஒரு போராட்டத்தை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

மட்டாஞ்சேரிப் பரதேசி யூத ஆலயம் 1568இல் கட்டப்பட்டது. ஐரோப்பாவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்து அதைக் கட்டியவர்கள் 'வெள்ளை யூதர்'. முன்பே அங்கிருந்த மலபார் யூதர்களை அவர்கள் 'கறுப்பு யூதர்' என்று ஒதுக்கினார்கள். இதற்கும் கீழே ஒரு தட்டு, மெஷுக்ராரிம். எபிரேயத்தில் 'விடுவிக்கப்பட்டவர்கள்' என்று பொருள். அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள். பரதேசி ஆலயத்தில் இவர்களுக்கு இருக்கை கிடையாது. முன்கூடத்திலோ தரையிலோதான் உட்கார வேண்டும். தோரா வாசிக்க அழைப்பு வராது. பெண் கொடுக்கல் வாங்கல் இல்லை. செத்தாலும் தனி இடம். கறுப்பு யூதர்களும் தங்களுக்குள் இப்படியொரு பிரிவை வைத்திருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அம்பேத்கர் சொன்ன படிநிலை ஏற்றத்தாழ்வு அச்சு அசலாக இங்கே இருக்கிறது.

பிரதி என்ன சொல்கிறது? கொச்சியில் ரப்பிகள், அதாவது யூதச் சட்டம் கற்ற குருக்கள், இல்லை. சிக்கல் வந்தால் வெளியே எழுதிக் கேட்பார்கள். 16ஆம் நூற்றாண்டில் கெய்ரோவிலிருந்த ரப்பி டேவிட் இப்னு சிம்ராவைக் கேட்டார்கள். முறைப்படி நீராட்டுச் சடங்கு முடித்தால் ஒதுக்கப்பட்டவர்களும் முழு யூதர்களே, மணவுறவு கொள்ளலாம் என்றார் அவர். 1882இல் ஜெருசலேம் தலைமை ரப்பி பனிஜெலும் அதையே சொன்னார். வெள்ளை யூதர்கள் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அதே 1882இல் மெஷுக்ராரிம் குடும்பத்தில் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். வக்கீல், தொழிற்சங்கக்காரர், கொச்சிச் சட்டசபை உறுப்பினர். 1929 லாகூர் காங்கிரசுக்குப் போய் வந்தவர். காந்தியின் சத்தியாகிரகத்தை அவர் ஆலயத்துக்குள் கொண்டுபோனார். புறக்கணித்துப் பார்த்தார்; உள்ளே உட்கார்ந்து எதிர்த்தார். இருக்கை, வாசிக்கும் உரிமை என்று ஒவ்வொன்றும் சிறுகச் சிறுகக் கிடைத்தது. 1950இல் அவருடைய மகன் வெள்ளை யூதக் குடும்பத்தில் பெண் எடுத்தபோதுகூடக் கல்யாணத்தைக் கொச்சியில் நடத்த முடியவில்லை. பம்பாய் போகவேண்டி வந்தது.

ஈரோட்டிலிருந்து போன பெரியார் வைக்கத்தில் சிறைபட்டது 1924இல். அவர் பிறகு மதத்தையும் அதன் நூல்களையுமே கேள்வி கேட்டார். சேலம் கடைசிவரை யூதராக, தன் நூல் தன் பக்கம் என்று நம்பி நின்றார். சுயமரியாதைக்காரர்களுக்கு இது அரைகுறையாகத் தோன்றலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நூல் மூன்று நூற்றாண்டுக்கு மேல் அவர்கள் பக்கம்தான் இருந்தது. போராட ஆள் வந்த பிறகே ஒரு பெஞ்சு நகர்ந்தது.

1950களில் மலபார் யூதர்கள் இஸ்ரேலுக்குக் குடிபெயர உதவிய சேலம், தான் போகவில்லை. 1967இல் கொச்சியிலேயே இறந்தார். அவர் இடம்பிடித்த ஆலயத்தில் இன்று கூட்டு வழிபாட்டுக்கு வேண்டிய பத்து ஆண்கள்கூட உள்ளூரில் இல்லை.

திருச்சி மேலப்புதூர்க் கல்லறைச் சுவரை நாம் அறிவோம். இரட்டைக் குவளையைக் கொங்குக் கிராமங்களில் பார்த்திருக்கிறோம். மதம் மாறுங்கள் என்று சொல்கிறவர்கள், போகிற இடத்தில் யார் எங்கே உட்கார்கிறார்கள், யாரோடு பெண் எடுக்கிறார்கள், எங்கே புதைக்கப்படுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?